கோப்போடு கூடப் போகிறவர்கள்

போரில் காயப்பட்ட ஒருவருக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்க ஆள் கிடைத்துவிடும். திருகோணமலையில் அவ்வப்போது ஏதாவதொரு மண்டபத்தில் மேசை போட்டு, மாலை போட்டு, நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நாற்காலி வரும்வரை வீட்டு முற்றத்தையே பார்க்காமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் கடற்கரைக் கிராமங்களின் மணலில் உருள்கிற நாற்காலிக்கு முன்சில்லு நெடுநாள் நிற்காது. இருக்கை மெத்தை தட்டையாகிவிட்டால் அது இன்னும் மோசம். முள்ளந்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குப் படுக்கைப்புண் வரும். வலிக்காததால் அவருக்கே தெரியாது. காய்ச்சல் வந்து, மனைவி புரட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும், எலும்பு வரை போயிருக்கும்.

அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது வேறு வகையான மனிதர். மெத்தையை யாரிடம் கேட்க வேண்டும், எந்தப் படிவம், அதில் யார் கையெழுத்து என்று தெரிந்தவர். கூடவே பஸ் ஏறி வந்து, ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "போன மாதம் இங்கேதான் கொடுத்தோம், இதோ நீங்கள் முத்திரை குத்தித் தந்த பிரதி" என்று மரியாதையாகவும் விடாமலும் சொல்கிறவர். காயப்பட்ட, நோயுற்ற படைவீரர்களுக்காக உலகெங்கும் இயங்குகிற தொண்டு அமைப்புகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது இந்த மனிதரைத்தான். அவர் இருக்கிற அமைப்பு நின்று பிடிக்கிறது. அவர் இல்லாத அமைப்பு பொதி கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது.

நான் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் எழுத வரும். ஒரு கோப்பு எந்த மேசையில் எதற்காக நிற்கும் என்பதும் ஓரளவு தெரியும். இப்போது ஊரில் உள்ள சின்னதொரு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். கந்தளாய், சேருவில பக்கமிருந்து முன்னாள் படையினர் வருவார்கள். சம்பூர், மூதூர், குச்சவெளிப் பக்கமிருந்து முன்னாள் போராளிகள் வருவார்கள். எந்தப் பக்கத்திலும் நிற்காமல் செல் விழுந்து கை கால் போன கிண்ணியாக்காரரும் வருவார். எல்லோருக்கும் உட்கார ஒரே வாங்குதான்.

"ஆமிக்காரனுக்கு நீங்கள் ஏன் எழுதிக் கொடுக்கிறீர்கள்?" என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த ஊர்க் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு நீதி இன்னும் வரவில்லை, அது வர வேண்டும். ஒரு முன்னாள் சிப்பாயின் ஓய்வூதிய மனுவை நான் எழுதுவதால் அந்தக் கோரிக்கையில் ஒரு சொல்லும் குறையாது. என் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் வறுமையால் பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்து, இருபத்திரண்டில் காலை இழந்தவர். அவருடைய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதில் வரும்வரை நான் அவர் பக்கம். என்னால் சொல்லக்கூடிய விடை அவ்வளவுதான்.

படையினருக்கு எல்லாம் கிடைத்துவிடுகிறது என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒரு பங்கு உண்மை இருக்கிறது. 1999இல் 54ஆம் இலக்கச் சட்டத்தால் படையினரின் நலனுக்கென்று ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. ராகமையில் இராணுவத்துக்கென்றே ரணவிரு செவண என்ற புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. படுத்த படுக்கையானவர்களை வைத்துப் பார்க்க அநுராதபுரம், கம்புறுப்பிட்டிய, குருநாகல் பங்கொல்ல ஆகிய இடங்களில் அபிமன்சல இல்லங்கள் இருக்கின்றன. முன்னாள் போராளிக்கு இவற்றில் எதுவும் கிடையாது.

ஆனால் சட்டம் இருக்கிற இடத்திலும் விழுகிற பள்ளங்கள் உண்டு. 2016 நவம்பரில் அங்கவீனமுற்ற படைவீரர்கள் கொழும்பு கோட்டையில் வீதிக்கு வந்தார்கள். 12 வருட சேவை நிறைவதற்குள் காயத்தால் விலக நேர்ந்தவர்களுக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. கால் இல்லாதவர்களும் ஊன்றுகோல்காரர்களும் நின்ற கூட்டத்தின்மேல் பொலிசார் தண்ணீர் பீய்ச்சினார்கள். யோசித்துப் பாருங்கள்: சேவைக்காலம் குறைந்ததற்குக் காரணமே அந்தக் காயம்தான். காயம் எவ்வளவு சீக்கிரம் பட்டதோ அவ்வளவுக்கு உரிமை குறைகிறது. இதைச் சட்டம் எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார். கணக்குக்கு ஒரு கோடு வேண்டுமென்று போட்டிருப்பார். அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்களின் முகத்தைக் கொண்டுபோய்க் காட்ட யாரும் இல்லாவிட்டால் கோடு அப்படியே இருக்கும்.

எங்களிடம் வருகிற கந்தளாய்ப் பக்கத்து முன்னாள் சிப்பாய் ஒருவரின் சிக்கல் இன்னும் சின்னது, அதனாலேயே இன்னும் கொடியது. சேரும்போது எழுதிய பெயரில் ஓர் இனிஷியல் கூடுதல், அடையாள அட்டையில் அது இல்லை. மருத்துவ சபை கொடுத்த கடிதத்தில் எழுத்துக்கூட்டல் மூன்றாவது விதம். மூன்று காகிதங்களும் ஒரே ஆளுடையவை என்று நிறுவ வேண்டிய வேலை அவருடையது. ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்பும், அது திருப்பி அனுப்பும். பொய்க்காலைப் போட்டுக்கொண்டு மாடி ஏறி இறங்கினால் வெட்டுப்பட்ட காலில் எஞ்சிய துண்டின் தோல் உரிந்துவிடும், அப்புறம் ஒரு வாரத்துக்குப் பொய்க்காலைப் போட முடியாது. அந்த ஒரு வாரம் அவர் கூலிக்குப் போக மாட்டார். ஒவ்வொரு முறை "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லப்படும்போதும் அவருக்கு ஆகிற செலவு இது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது தெரியாது. நானும் அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், தெரிய வழியே இல்லை. யாராவது சொன்னால்தான் தெரியும்.

பொய்க்காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு தடவைச் செலவாக நினைக்கிறார்கள். கால் வெட்டப்பட்ட முதல் வருடத்தில் எஞ்சிய துண்டு சுருங்கிக்கொண்டே வரும், அதனால் அது உட்காருகிற குழியை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகும் சில வருடங்களுக்கு ஒருமுறை பொய்க்கால் தேய்ந்து போகும். வயலில் இறங்குகிறவருக்கும் வள்ளம் தள்ளுகிறவருக்கும் இன்னும் சீக்கிரம். உப்பும் மணலும் இணைப்புகளுக்கு எமன். 1987இலிருந்து யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கிற நிலையம் இருக்கிறது. கொழும்பிலும் தொண்டு அமைப்பொன்று செய்கிறது. இரண்டும் அரிய சேவை. ஆனால் திருமலையிலிருந்து இரண்டுமே 200 கிலோமீற்றருக்கு மேல். இருபதில் கால் போன ஒருவர் எழுபது வரை இருந்தால் எத்தனை கால்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கைப் போட்டு வரவுசெலவில் எழுத வைப்பதுதான் பரிந்து பேசுகிறவர்களின் வேலை. ஒரு கால் வாங்கிக் கொடுப்பதைவிட அது கடினம், கைதட்டும் கிடைக்காது.

இந்த வேலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் காயப்பட்டவர்களே முன்னால் நின்றார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதலாம் உலகப்போர் முடிவதற்கு முதல்நாள், 1918 நவம்பர் 10ஆம் திகதி, ரொபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க அதிகாரி செல் வெடித்துப் படுகாயமடைந்தார். ஊர் திரும்பி சின்சினாட்டியில் நீதிபதியான அவர், தன்னைப் போன்றவர்களைக் கூட்டி 1920இல் அங்கவீனமுற்ற படைவீரர்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். அது இன்றைக்கும் இருக்கிறது. அதன் ஆட்கள் ஒரு சதமும் வாங்காமல் காயப்பட்டவர்களின் விண்ணப்பங்களை நிரப்பி, மேன்முறையீடு வரை கூடப் போகிறார்கள். அடுத்த ஆண்டே பிரித்தானியாவில், இன்று ரோயல் பிரித்தானிய லீஜன் எனப்படும் படைவீரர் அமைப்பு உருவானது. அங்கே கை கால் இழந்தவர்கள் ஊர் ஊராகச் சேர்ந்து, 1932இல் தேசிய அளவில் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

இலங்கையில் இந்தக் கதைக்கு ஒரு திருப்பம் உண்டு, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். ஒவ்வொரு நவம்பரும் படைவீரர்களின் உதவிக்கென்று பொப்பி மலர் விற்றுச் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. முதலாம் உலகப்போரில் பணியாற்றிய இலங்கையர் இங்கே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் அவர்களுக்காகப் பூவரசம்பூவைப் போட்டியாக விற்கத் தொடங்கினார். சூரிய மல் இயக்கம் என்று பெயர். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் கையில் எடுத்த பிறகு அது ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்ததைத்தான் பலரும் அறிவார்கள். அதன் வேர், ஏழைப் படைவீரர்களின் பங்கு எங்கே என்ற கேள்வி. நிலாவெளி வீதியோரம் உப்புவெளியில் இருக்கிற யுத்தக் கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். கல்லறைகளின் புல்லை ஒழுங்காக வெட்டிப் பராமரிக்கிறார்கள், அது நல்லது. இறந்தவருக்கு இவ்வளவு ஒழுங்கு சாத்தியமென்றால் இருப்பவரின் கோப்புக்கும் சாத்தியம்தான்.

பொதி கொடுப்பதிலிருந்து சட்டம் மாற்றுவது வரை ஓர் அமைப்பு எப்படி நகரும் என்பதற்கு அமெரிக்காவின் வூண்டட் வாரியர் திட்டம் நல்ல உதாரணம். 2003இல் தொடங்கியபோது அவர்கள் செய்தது மிக எளிய காரியம். ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் காயத்தோடு வந்து வோல்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் கிடந்தவர்களுக்கு ஒரு முதுகுப்பை. அதற்குள் மாற்று உடை, சவரப் பொருட்கள், இசை கேட்க ஒரு கருவி. கட்டிலருகில் போய் நின்றபோதுதான் மற்றது காதில் விழுந்தது: காயப்பட்டவர் மருத்துவமனையில் இருக்கும் மாதங்களில், பக்கத்தில் இருப்பதற்காக மனைவியும் தாயும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள், வீட்டில் கடன் ஏறிக்கொண்டிருந்தது. காயப்பட்டவர்கள் சிலரே வொஷிங்டனுக்குப் போய்ச் சட்டசபை உறுப்பினர்களிடம் பேசினார்கள். 2005இல் புதிய காப்புறுதிச் சட்டம் வந்தது. கை, கால், கண் இழந்தவர்களுக்கு 25,000 முதல் 100,000 டொலர் வரை உடனடியாகக் கிடைக்கிற ஏற்பாடு அது. சேவையில் இருக்கிற ஒவ்வொருவரும் மாதம் ஒரு டொலர் கட்டினால் போதும். 2001 ஒக்டோபரிலிருந்து காயப்பட்டவர்களுக்கு முன்தேதியிட்டும் கொடுத்தார்கள். அந்த முன்தேதிதான் என்னைத் தொட்டது. போய்ப் பேசியவர்கள் தங்களுக்கு மட்டும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

அதே வோல்டர் ரீட்டில் 2007இல் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். உலகின் மிகப் பணக்கார இராணுவத்தின் பெயர்பெற்ற மருத்துவமனையில், வெளிநோயாளராகத் தங்கியிருந்த காயப்பட்டவர்கள் பூஞ்சணம் பிடித்த சுவர்களுக்கும் எலிகளுக்கும் நடுவே இருந்ததை ஒரு பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. எல்லோரும் பூஞ்சணத்தைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். நான் நினைவு வைத்திருப்பது அந்தச் செய்தியில் இருந்த இன்னொரு விஷயம்: மருத்துவமனைக்குள் வருவதிலிருந்து வெளியேறும்வரை ஒரு சிப்பாய் எட்டு வெவ்வேறு பிரிவுகளுக்கு 22 ஆவணங்கள் நிரப்ப வேண்டியிருந்தது. அவர்களில் பலருக்கு மூளையில் அடிபட்டிருந்தது. நேற்றுச் சொன்னது இன்றைக்கு நினைவில்லாத ஒருவர் 22 படிவங்களை எப்படிப் பின்தொடர்வார்? இராணுவச் செயலாளர் பதவி விலகினார், ஆணைக்குழு அமைத்தார்கள், நோயாளிக்கு ஒரு பொறுப்பாளர் என்ற ஏற்பாடு வலுப்பட்டது. காசும் கட்டடமும் இருந்தும் கூட நடக்க ஆள் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

வூண்டட் வாரியர் திட்டமும் மாசில்லாமல் இருந்துவிடவில்லை. நன்கொடைப் பணத்தில் கூட்டங்களுக்கும் பயணங்களுக்கும் அதிகம் செலவழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2016 மார்ச்சில் அதன் மேல்நிலை நிர்வாகிகள் இருவரை நிர்வாகசபை விலக்கியது. காயப்பட்டவரின் படத்தைக் காட்டித் திரட்டுகிற பணத்துக்கு மற்றப் பணத்தைவிடக் கூடுதல் கணக்கு இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் படம் எடுக்கிற அமைப்புகளிடமும் இதைக் கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இனி, காயத்தைவிட நோயின் கதை. என் அனுபவத்தில் இதுதான் மிகக் கஷ்டமான பகுதி. கால் இல்லை என்பதை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. நோய் அப்படியில்லை. வியட்நாமில் 1962க்கும் 1971க்கும் இடையில் அமெரிக்கா காட்டை அழிக்க ஏஜென்ட் ஒரேஞ்ச் முதலிய களைகொல்லிகளைத் தெளித்தது. வியட்நாம் மக்கள் தலைமுறைகளாக அதைச் சுமக்கிறார்கள். தெளித்த படையைச் சேர்ந்தவர்களுக்கும் வருடங்கள் கழித்துப் புற்றுநோய்கள் வந்தன. "இந்த நோய் அந்த மருந்தால்தான் வந்தது என்று நிரூபி" என்றார்கள். ஒரு தனி மனிதர் அதை எப்படி நிரூபிப்பார்? எந்த நாள் எந்தக் காட்டில் எவ்வளவு காற்றோடு வந்தது என்று அவருக்கென்ன தெரியும்? படைவீரர் அமைப்புகள் விடாமல் போராடி, 1991இல் ஒரு சட்டம் வந்தது. அந்த நாட்டில் சேவை செய்திருந்தால், பட்டியலில் உள்ள நோய் வந்திருந்தால், அது சேவையால் வந்ததென்றே எடுத்துக்கொள்ளப்படும். நிரூபிக்கிற சுமை நோயாளியின் தோளிலிருந்து இறங்கியது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் திறந்த குழிகளில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கு இதே ஏற்பாடு 2022 ஓகஸ்டில்தான் கிடைத்தது. பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

மனக்காயத்துக்கும் அப்படியொரு போராட்டம் தேவைப்பட்டது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் அவர்களோடு உட்கார்ந்து பேசிய மனநல மருத்துவர்களும் வற்புறுத்தியதன் பலனாகவே, இன்று பி.ரி.எஸ்.டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்தம், என்று நாம் சொல்லும் நோய் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில் இடம்பிடித்தது. அதற்கு முன் கோழைத்தனம், குடி, குணக்கேடு என்றெல்லாம் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் ஒரு சமூகத்தின் மனத்தை மொத்தமாக எப்படிக் குலைக்கிறது என்று பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். அவர் எழுதியதை நான் தினமும் பார்க்கிறேன். பட்டாசுச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போகிற முன்னாள் போராளியும், இரவில் எழுந்து கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிற முன்னாள் சிப்பாயும் சொல்கிற வார்த்தைகள் கிட்டத்தட்ட ஒன்றே. ஒருவர் தமிழில் சொல்கிறார், மற்றவர் சிங்களத்தில் சொல்கிறார். இருவரின் மனைவிமாரும் என்னிடம் தனியாகக் கேட்பது ஒரே கேள்வி: "இதற்கும் படிவம் இருக்கிறதா, ஐயா?"

இல்லாத காலில் வலிக்கிறது என்று சொல்லி அவமானப்பட்டவர்களும் இருக்கிறார்கள். வீட்டிலேயே நம்ப மாட்டார்கள். அது உண்மையான வலி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, அமெரிக்க உள்நாட்டுப் போரை அடுத்து, மருத்துவர்கள் அதைப் பதிவு செய்துவிட்டார்கள். சென்னையில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் தொண்ணூறுகளில் ஒரு கண்ணாடியை வைத்தே அதற்குச் சிகிச்சை காட்டினார். இருக்கிற காலின் பிம்பத்தை இல்லாத காலின் இடத்தில் பார்க்கப் பார்க்க, பலருக்கு வலி குறைகிறது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் விலைதான். இதை எங்கள் சங்கத்தில் ஒரு பெண் பிள்ளைக்குப் பிசியோதெரபி செய்கிறவர் சொல்லிக் கொடுத்தபோது, அவள் அழுததற்குக் காரணம் வலி குறைந்தது மட்டுமில்லை. "அப்ப நான் பொய் சொல்லேல்லை" என்றாள்.

அந்தப் பிள்ளை இயக்கத்தில் இருந்தவள். அவளைப் போன்றவர்களுக்குப் படைவீரர் என்ற பெயரில் எந்தச் சட்டமும் இல்லை. அவர்களுக்காகப் பேச நாங்கள் பிடித்துக்கொள்வது பொதுச் சட்டங்களைத்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது, 2018இல் வந்த இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம். மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது, அது உண்மையான முன்னேற்றம். ஆனால் திருமலையிலிருந்து பொய்க்காலுக்காக ஒருவர் துணையாளோடு போய்த் தங்கி வந்தால் அதில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும்.

ஒரு கலந்துரையாடலில் நடந்ததை இங்கே பதிகிறேன். மேலே சொன்ன கந்தளாய்ப் பக்கத்து முன்னாள் சிப்பாயும் அந்தப் பிள்ளையும் வந்திருந்தார்கள். அதிகாரி ஒருவர், மாவட்டத்துக்குள் பொய்க்கால் பழுதுபார்க்கும் நாள் ஒன்று வைத்தால் படையினருக்கு வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அந்த மனிதர் எழுந்து சிங்களத்தில் சொன்னார்: "எங்களுக்கு மட்டும் என்றால் வேண்டாம். இந்தத் தங்கச்சிக்கும் சேர்த்துக் கேளுங்கள். அவளுடைய காலும் என்னுடையதும் ஒரே மாதிரித்தான் உடைகிறது." நான் அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, தன் விண்ணப்பத்தை அவருடைய விண்ணப்பத்தின் மேல் வைத்தாள். இரண்டும் ஒன்றாகப் போயின. இன்னும் முடிவு வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாடு தன் காயப்பட்டவர்களைக் கொண்டாடாமல் இல்லை. டோக்கியோ பராலிம்பிக்கில் 2021 ஓகஸ்டில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த, போரில் கையில் காயப்பட்ட இராணுவ வீரர். 2012இல் லண்டனில் 400 மீற்றரில் வெண்கலம் வென்ற பிரதீப் சஞ்சயவும் இராணுவத்தைச் சேர்ந்தவர். அவர்களைப் பார்த்து நானும் கைதட்டினேன். கைதட்டல் ஓய்ந்த மறுநாள், படுக்கைப்புண்ணோடு கிடக்கிறவரின் மெத்தையைப் பற்றியும் அதே நாடு கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவரைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டுகிற மனைவியைப் பற்றியும்தான். பராமரிக்கிற குடும்பத்தவருக்கே மாதக் கொடுப்பனவும் பயிற்சியும் தருகிற சட்டத்தைப் படைவீரர் அமைப்புகள் 2010இல் அமெரிக்காவில் நிறைவேற வைத்தன. எங்கள் படிவங்களில் அந்தப் பெண்ணின் பெயர் தங்கி வாழ்வோர் என்ற கட்டத்தில் எழுதப்படுகிறது. அந்த வீட்டில் யார் யாரில் தங்கியிருக்கிறார்கள் என்று அவளுடைய முதுகுவலிக்குத் தெரியும்.

இந்த வேலைக்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. இரண்டு மொழி எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் கிராம சேவகர், கணினி தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் போதும். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கு நல்ல கருவி. கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்பதை அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். சண்டை போட வேண்டியதில்லை. அப்படி ஒரு கடிதம் போனதும், தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட கோப்பு கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ போரில் காயப்பட்டவர் இருந்தால், எந்தப் பக்கத்தில் நின்றவராக இருந்தாலும், ஒரு பழைய பிளாஸ்டிக் கோப்பு எடுங்கள். மருத்துவமனையில் தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, விலகல் கடிதம் அல்லது புனர்வாழ்வுச் சான்றிதழ் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். உடம்புக்குள் செல் துண்டு இருக்கிறவரின் எக்ஸ்ரேயை எக்காரணம் கொண்டும் எறிய வேண்டாம். பின்னொரு நாள் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால், அந்தக் காந்தத்துக்குள் உலோகத்தோடு போவது ஆபத்து, அதை மருத்துவருக்கு முதலிலேயே காட்ட வேண்டும். எதைக் கொடுத்தாலும் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போட்டோ கொப்பி எடுக்கும்போது இரண்டு பக்கமும் எடுங்கள். மருத்துவரின் கையெழுத்து அநேகமாகப் பின்பக்கத்தில்தான் இருக்கும்.